மழைக்காலத்தில் கேமரா

மும்பை மழை

மும்பையில் ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் மழைக்காலம் தொடங்கும். செப்டம்பர் கடைசி வரை நீடிக்கும். இந்த நான்கு மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான்.

மழை பெய்தால் வேலை நிற்குமா? நிற்காது. ஆடிக் கிருத்திகைக்குச் செம்பூர் முருகன் கோயிலில் கூட்டம் நிறையும். கோகுலாஷ்டமியை ஒட்டித் தெருத்தெருவாகத் தயிர்ப்பானை உடைப்பார்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பிள்ளையார் சதுர்த்தி விழா நடக்கும். ஆவணியில் கல்யாணங்கள் வரும். எல்லாம் மழைக்காலம்தான். எல்லாவற்றுக்கும் படம் பிடிக்க ஆள் வேண்டும்.

விவசாயிக்கு ஏர். தையற்காரருக்குத் தையல் இயந்திரம். படம் பிடிப்பவருக்குக் கேமரா. கருவி கெட்டால் தொழில் நின்றுவிடும்.

1983-ஆம் ஆண்டு குஜராத்தில் போர்பந்தர் ஊரில் வெள்ளம் வந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி அங்கே படம் எடுத்தார். ஒரு படத்தில் வயதான தையற்காரர் ஒருவர் இருக்கிறார். கழுத்தளவு தண்ணீரில் நடக்கிறார். தையல் இயந்திரத்தைத் தோளில் சுமக்கிறார். தண்ணீரில் மூழ்கி இயந்திரம் பாழாகிவிட்டது. ஆனாலும் அதை அவர் விடவில்லை. இந்தப் படம் 1984-இல் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையின் அட்டையில் வந்தது. அதைப் பார்த்து, இயந்திரம் தயாரித்த நிறுவனம் அவருக்குப் புதிய இயந்திரம் அனுப்பியதாக மெக்கரி கூறியிருக்கிறார்.

எல்லோருக்கும் இப்படிப் புதிய கருவி கிடைக்காது. இருக்கும் கருவியைக் காப்பதுதான் வழி.

நமத்துப்போன அப்பளம்

தாராவியில் ஒரு சின்ன ஸ்டுடியோ இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதை நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு தம்பி தொழில் கற்கிறான்.

ஜூலை மாதம் ஒரு நாள். தம்பி கேமராவை எடுத்துப் பார்த்தான். படம் மங்கலாக விழுந்தது. லென்ஸைத் துடைத்தான். மறுபடியும் மங்கல்தான்.

"அண்ணாச்சி, கேமராவை மழையில் நனையவே விடலை. ஒரு மாசமா பைக்குள்ளேதான் இருந்தது. எப்படிக் கெட்டது?"

அண்ணாச்சி பக்கத்து வீட்டைக் காட்டினார். அங்கே ஓர் அக்கா அப்பளம் இடுகிறார். தாராவியில் பல பெண்கள் வீட்டிலேயே அப்பளம் இடுகிறார்கள். வெயில் நாளில் கூடைகளைக் கவிழ்த்து, அதன்மேல் அப்பளத்தைக் காயவைப்பார்கள்.

"அக்கா, பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்தால் இப்போது என்ன ஆகும்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அரை மணியிலே நமத்துப் போயிடும்" என்றார் அக்கா.

"நீங்கள் அதன்மேல் தண்ணீர் தெளித்தீர்களா?"

"நான் ஏன் தெளிக்கப் போறேன்? காற்றிலேதான் ஈரம் இருக்கே."

தம்பிக்குப் புரிந்தது. அப்பளத்தை நமக்கச் செய்யும் காற்றுதான் கேமராவையும் கெடுத்தது.

மழைத்துளி கண்ணுக்குத் தெரியும். அதனால் எல்லோரும் குடை பிடிக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. கேமராவுக்கு அதுதான் பெரிய பகை.

ஈரம் வரும் மூன்று வழிகள்

ஒன்று: மழைத்துளி. இது பொத்தான் இடுக்கு, பேட்டரி மூடி, லென்ஸ் மாட்டும் வாய் ஆகியவற்றின் வழியே உள்ளே போகும்.

இரண்டு: ஈரக்காற்று. காற்றில் உள்ள ஈரத்தைச் சதவீதக் கணக்கில் சொல்வார்கள். மும்பையில் ஜூலை மாதத்தில் இது பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கேமராவுக்கு 40 முதல் 50 சதவீதம் வரைதான் நல்லது.

மூன்று: வியர்ப்பு. ஒரு சொம்பில் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் பூக்கும். சொம்பு ஒழுகவில்லை. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சொம்பில் பட்டு நீராகிறது. குளிர்ந்த கேமராவிலும் இப்படித்தான் நீர் பூக்கும்.

கடற்கரையில் நான்காவது தொல்லையும் உண்டு. அது உப்பு. கடல் காற்றில் உப்பு கலந்து வரும். உப்புப் பட்ட உலோகம் சீக்கிரம் அரித்துப்போகும்.

லென்ஸுக்குள் பூஞ்சணம்

மழைக்காலத்தில் ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கும். தோல் செருப்பிலும் பூக்கும். லென்ஸின் உள்ளேயும் பூக்கும். அங்கே அது சிலந்தி வலை போல மெல்லிய இழைகளாகத் தெரியும்.

பூஞ்சண வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அதைத் தடுக்க முடியாது. ஆனால் விதை முளைக்க ஈரம் வேண்டும் அல்லவா? இந்த வித்து முளைக்கவும் ஈரம் வேண்டும். காற்றோட்டம் இல்லாத இருட்டில் அது நன்றாக வளரும். மாதக் கணக்கில் மூடிக் கிடக்கும் பை அதற்கு ஏற்ற இடம்.

லென்ஸ் கண்ணாடியின்மேல் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. பூஞ்சணம் அந்தப் பூச்சை அரிக்கும். ஆரம்பத்திலேயே கண்டால், பழுது பார்ப்பவர் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்வார். பூச்சு அரித்துப்போன பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது.

மாதம் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். ஒரு பக்கம் சின்ன டார்ச் விளக்கை அடியுங்கள். மறுபக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். வலை போலவோ புள்ளி போலவோ தெரிந்தால் உடனே கடைக்குக் கொண்டு போங்கள்.

தோல் உறை வேண்டாம்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைகள் பல உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் புதுப் பைக்குள் ஒரு சிறு வெள்ளைப் பொட்டலம் போடுகிறார்கள்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது சிலிக்கா ஜெல். அது உப்புக்கல் போன்ற சிறு மணிகள். காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தின்னக்கூடாது என்று பொட்டலத்தின்மேல் அச்சடித்திருப்பார்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

வேலைக்குப் போகும்போது கேமராவைத் தோல் பையில் கொண்டு போகலாம். இரவில் அதிலேயே வைக்கக்கூடாது.

காற்றுப் புகாத டப்பா

ஈரமில்லாமல் வைக்க மின்சார அலமாரிகள் விற்கின்றன. விலை அதிகம். குறைந்த செலவிலும் வழி உண்டு. அண்ணாச்சி தம்பிக்குச் செய்து காட்டினார்.

முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்கினார். அதன் மூடியில் ரப்பர் வளையம் இருந்தது. பலகாரம் நமக்காமல் வைக்கும் டப்பா போன்றது அது.

பிறகு சிலிக்கா ஜெல் வாங்கினார். மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி டப்பாவுக்குள் வைத்தார்.

அடுத்து ஓர் ஈரப்பதமானி வாங்கினார். கடிகாரம் போன்ற சின்னக் கருவி அது. காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் என்று எண்ணில் காட்டும். அதையும் உள்ளே வைத்தார். வெளியிலிருந்தே எண் தெரிந்தது.

"தம்பி, வெளியே வைத்தபோது எத்தனை காட்டியது?"

"எண்பத்து நாலு, அண்ணாச்சி."

"நாளைக்குக் காலையிலே பார். எண்ணை நோட்டிலே எழுது."

மறுநாள் தம்பி பார்த்தான். 46 என்று இருந்தது. தேதி போட்டு நோட்டில் எழுதினான்.

இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

60-க்கு மேல் போனால் ஆபத்து. பூஞ்சணம் வளரலாம்.

40 முதல் 50 வரை இருந்தால் நல்லது.

30-க்குக் கீழே நெடுநாள் இருக்கக்கூடாது. கேமராவின் ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும்.

எண் ஏறினால் சிலிக்கா ஜெல் நிறைந்துவிட்டது என்று பொருள். அதைத் தூக்கி எறிய வேண்டாம். சூடு காட்டினால் ஈரம் போய்விடும். திரும்பவும் பயன்படும்.

சிலிக்கா ஜெல் வாங்கும்போது நிறம் மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு வகை ஈரம் ஏறினால் பச்சையாகும், அல்லது நிறம் வெளுக்கும். நீல வகை இளஞ்சிவப்பாகும். நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு என்ற வேதிப்பொருள். அது உடலுக்குக் கெடுதல். ஆகவே ஆரஞ்சு வகையே நல்லது.

சூடு காட்டச் சமையல் பாத்திரத்தை எடுக்கக்கூடாது. இதற்கென்று ஒரு பழைய வாணலி வைத்துக்கொள்ளுங்கள். மணிகளைத் துணியிலிருந்து கொட்டுங்கள். சிறு தீயில் கிளறுங்கள். பழைய நிறம் வந்ததும் இறக்குங்கள். மூடிய பாத்திரத்தில் ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காகிதப் பொட்டலத்தை அப்படியே தீயில் வைக்கக்கூடாது.

அந்தக் காலத்தில் பல ஸ்டுடியோக்களில் வேறு ஒரு பழக்கம் இருந்தது. மர அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிடுவார்கள். அதன் சூட்டில் ஈரம் குறையும். இப்போதைய எல்.இ.டி. பல்பில் அந்த அளவு சூடு இல்லை. குண்டு பல்பு அருகில் துணியோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கலாம். டப்பாவே பாதுகாப்பானது.

டப்பாவை எங்கே வைப்பது? தரையில் வைக்கக்கூடாது. உயரமான பலகையில் வைக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி மும்பையில் பெரு வெள்ளம் வந்தது. மித்தி ஆறு நிரம்பியது. தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் இருந்த பொருள் எல்லாம் மூழ்கியது.

வேலைக்குப் புறப்படும் முன்

அந்த 2005 வெள்ளம் இன்னொரு பாடமும் சொல்கிறது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நேரத்தில் கொலாபாவில் சுமார் 73 மில்லிமீட்டர்தான் பெய்தது. இரண்டும் ஒரே நகரம்தான். ஆகவே செம்பூரில் வெயில் அடித்தால் மாட்டுங்காவிலும் வெயில் என்று நினைக்கக்கூடாது.

வானிலைத் துறை நிறத்தால் எச்சரிக்கை செய்கிறது. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பு தேட வேண்டும். செய்தித்தாளில் கடல் ஏற்றத்தின் நேரமும் இருக்கும். கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நேரத்தில் பெருமழை பெய்தால், மழைநீர் கடலுக்குள் வடியாது. தெருக்களில் தேங்கும். இந்த இரண்டையும் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை:

பெரிய பிளாஸ்டிக் பைகள் நான்கு.

ரப்பர் வளையங்கள்.

பருத்தித் துண்டு இரண்டு. பழைய பனியன் துணியும் போதும்.

லென்ஸ் துடைக்கும் மென்மையான துணி ஒன்று. இதை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது.

ஒரு குடை.

கூடுதல் பேட்டரியும் மெமரி கார்டும். இவை இரண்டும் தனித்தனியே சிறு பிளாஸ்டிக் உறைகளில் இருக்க வேண்டும்.

மழையில் படம் எடுக்கும்போது

கேமராவுக்கு ஒரு மழைக்கோட்டு செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போடுங்கள். லென்ஸின் முன்பக்கத்தை அந்த ஓட்டையில் நுழையுங்கள். ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். பையின் திறந்த வாய் கீழே இருக்கட்டும். அதன் வழியே கையை விட்டுப் படம் எடுங்கள். முன் கண்ணாடியைப் பை மறைக்கக்கூடாது.

லென்ஸின் முன்னே ஹூடு மாட்டுங்கள். வீட்டுச் சன்னலுக்குமேல் சன்ஷேடு இருப்பது போல அது உதவும். சாரல் கண்ணாடியில் படாது.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

மழையில் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடாது. கட்டாயம் மாற்ற வேண்டுமானால் கூரைக்கு அடியில் போங்கள். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள்.

ஜூம் லென்ஸ் நீண்டு சுருங்கும். நீண்டிருக்கும்போது அதன்மேல் நீர் படும். அப்படியே சுருக்கினால் நீரும் உள்ளே போகும். துடைத்துவிட்டுச் சுருக்குங்கள்.

நீரை அழுத்தித் தேய்க்கக்கூடாது. துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். லென்ஸை வாயால் ஊதக்கூடாது. ஊதினால் எச்சில் துளி தெறிக்கும். ரப்பர் ஊதுபையால் ஊதலாம்.

"அண்ணாச்சி, இந்தக் கேமரா மழை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கே. பிறகு எதுக்குப் பிளாஸ்டிக் பை?"

"மழை தாங்கும் என்றுதான் போட்டிருக்கு, தம்பி. தண்ணீரில் முங்கலாம் என்று போட்டிருக்கா? நல்லாப் படித்துப் பார்."

மழை தாங்கும் கேமராவில் இடுக்குகளுக்கு ரப்பர் அடைப்பு வைத்திருப்பார்கள். சாரலைத் தாங்கும். நாள் முழுவதும் கொட்டும் மழையைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதில் மாட்டும் லென்ஸுக்கும் ரப்பர் அடைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவை அடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

செல்பேசிகளில் ஐ.பி. 67, ஐ.பி. 68 என்று எண் இருக்கும். முதல் எண் தூசியைப் பற்றியது. இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. இந்தச் சோதனையை நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். கடல் நீருக்கும் சாக்கடை நீருக்கும் அது பொருந்தாது. செல்பேசி நனைந்திருந்தால் காயும் வரை சார்ஜ் போடக்கூடாது.

நல்ல மழைப் படம் எடுக்க மழையில் நனைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கூரைக்கு அடியிலோ கடை வாசலிலோ நின்று எடுக்கலாம். நியூசிலாந்துக் கலைஞர் பிரையன் பிரேக் 1960-இல் கல்கத்தாவில் ஒரு படம் எடுத்தார். மழைத்துளி முகத்தில் வழிய ஓர் இளம்பெண் கண்மூடி நிற்கும் படம் அது. உலகப் புகழ் பெற்றது. படத்தில் இருப்பவர் பின்னாளில் நடிகையாகவும் இயக்குநராகவும் பெயர் பெற்ற அபர்ணா சென். அன்று வானத்து மழை பெய்யவில்லை. மொட்டை மாடியில் ஏணி வைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றி எடுத்த படம் அது.

குளிர் மண்டபத்தில் கவனம்

கல்யாண மண்டபத்துக்குள் ஏ.சி. ஓடுகிறது. மாப்பிள்ளை அழைப்பு வெளியே தெருவில் நடக்கிறது. தம்பி மண்டபத்திலிருந்து ஓடி வந்து படம் எடுத்தான். எல்லாப் படத்திலும் புகைமூட்டம். லென்ஸ் வியர்த்துவிட்டது. குளிர்ந்த சொம்பின் கதைதான்.

துடைத்தாலும் பயனில்லை. லென்ஸ் குளிர்ந்திருக்கும் வரை மறுபடியும் வியர்க்கும். அதற்குள் மாப்பிள்ளை உள்ளே போய்விடுவார். அந்த நேரம் திரும்ப வராது.

என்ன செய்யலாம்? வெளியே எடுக்க வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். பையோடு வெளியே கொண்டு வந்து வையுங்கள். நீர் பையின் வெளிப்பக்கம் பூக்கும். கேமராவில் பூக்காது. வெளிச்சூட்டுக்குக் கேமரா வந்த பிறகு பையைத் திறக்கலாம். இரண்டு கேமரா இருந்தால், ஒன்றை முதலிலிருந்தே வெளியே வைத்திருக்கலாம்.

வீடு திரும்பியதும்

வேலை முடிந்ததும் களைப்பாக இருக்கும். பையை மூலையில் வைத்துவிட்டுப் படுக்கத் தோன்றும். அந்த ஓர் இரவே கேமராவுக்குக் கேடு. ஈரப் பைக்குள் ஈரக் கேமரா இருந்தால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தது போல.

படுக்கும் முன் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும் பையிலிருந்து வெளியே எடுங்கள். பையைக் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

காய்ந்த துணியால் கேமராவைத் துடையுங்கள். கடற்கரையிலிருந்து வந்திருந்தால், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பு போகும். பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள்.

பேட்டரியையும் கார்டையும் எடுங்கள். மூடிகளைத் திறந்து மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் வையுங்கள்.

ஈரம் போன பிறகு டப்பாவில் வைத்து மூடுங்கள். ஈரத்தோடு வைத்தால் டப்பாவும் கெடும்.

வேலை இல்லாத வாரங்களிலும் கேமராவை எடுத்து நாலு படம் எடுங்கள். லென்ஸைச் சூரியனுக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள்.

தண்ணீரில் விழுந்துவிட்டால்

கேமரா தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே என்ன செய்வார்கள்? ஓடுகிறதா என்று பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்கள். அதுதான் பெரிய தவறு. உள்ளே நீர் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் பாகங்கள் கருகிவிடும். நீர் மட்டும் போயிருந்தால் சில சமயம் காப்பாற்றலாம். கருகிய பின் காப்பாற்றுவது கடினம்.

ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். கார்டை எடுங்கள். எடுத்த படங்கள் பெரும்பாலும் கார்டில் பத்திரமாக இருக்கும். வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்ட வேண்டாம். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசி போதிய ஈரத்தை இழுக்காது. அதன் மாவு இடுக்கில் புகும். அன்றோ மறுநாளோ பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். நல்ல தண்ணீரா, கடல் நீரா, சாக்கடை நீரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பிளாஷ் நனைந்தால் அதை வீட்டில் பிரிக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கடுமையாகத் தாக்கும்.

கேமரா வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கேமராவுக்குக் காப்பீடும் எடுக்கலாம். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பணம் உண்டா என்று கேளுங்கள்.

கேமராவைவிட உயிர் பெரிது

ஒரு நாள் மழை வலுத்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். தம்பி விளக்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனான்.

"நில்லு தம்பி! கேமரா போனால் கடன் வாங்கியாவது வாங்கலாம். நீ போனால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?"

அண்ணாச்சி சொன்னது சரி. தேங்கிய தண்ணீரில் மின்கம்பி கிடந்தால் தெரியாது. விளக்குக் கம்பத்தைத் தொடக்கூடாது. ஈரக் கையால் பிளக்கைப் பிடுங்கக்கூடாது. மழையில் வீட்டு மின்சாரத்தில் ஓடும் விளக்கைப் பயன்படுத்தக்கூடாது. பேட்டரி விளக்கே போதும்.

தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருக்கலாம். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. திறந்திருந்த பாதாளச் சாக்கடைக் குழியில் விழுந்து ஒரு மருத்துவர் இறந்துபோனார். படித்தவர், ஊரை அறிந்தவர். ஆனாலும் குழி தெரியவில்லை.

வெள்ள நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் புண் இருந்தால் இறங்கக்கூடாது. இறங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நினைவில் வையுங்கள்

மழைத்துளியைவிட ஈரக்காற்று மோசமானது.

கேமராவின் இடம் காற்றுப் புகாத டப்பா. டப்பாவின் இடம் உயரமான பலகை.

40 முதல் 50 வரை நல்லது. 60-ஐத் தாண்டினால் ஆபத்து.

குளிரிலிருந்து வெளியே வரும்போது பையில் கட்டி வர வேண்டும்.

நனைந்த கேமராவின் பொத்தானை அமுக்கக்கூடாது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் மழைக்காலத்தில் எந்தெந்தப் பொருள்கள் நமத்துப் போகின்றன? அவற்றை எப்படிக் காக்கிறீர்கள்?

2. உங்கள் தொழிலுக்கு வேண்டிய கருவி எது? அதை ஈரம் எப்படிக் கெடுக்கும்?

3. இன்றைய செய்தித்தாளில் வானிலைச் செய்தியைப் படியுங்கள். இன்று என்ன நிற எச்சரிக்கை?

எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில் ஈரப்பதமானி காட்டும் எண்ணை எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தில் சிலிக்கா ஜெல்லின் நிறத்தை எழுதுங்கள். கருவி இல்லாதவர்கள் பொரித்த ஓர் அப்பளத்தைத் தட்டில் வையுங்கள். அது எத்தனை நிமிடத்தில் நமக்கிறது என்று எழுதுங்கள். 7 நாட்கள் எழுதிய பிறகு, எந்த நாளில் காற்றில் ஈரம் அதிகம் என்று கண்டுபிடியுங்கள்.